நான்காவது கட்டு

இந்த மாதத்தில் மட்டும் நான்கு பேர் என் கைப்பேசிக்கு ஒரே செய்தியை அனுப்பியிருக்கிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் புதிதாக எதையாவது கற்றுக்கொள்ள வேண்டுமாம். ஊர் ஊராகப் போய்ப் பார்க்க வேண்டுமாம். அப்படிச் செய்தால் மனம் துளிர்க்குமாம். செய்தியின் கீழே, மலை உச்சியில் கைகளை விரித்து நிற்கும் ஒரு நரைத்த தலைக்காரரின் படம். அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் வானத்தைப் பார்க்கின்றன. என் இடது உள்ளங்கை வானத்தைப் பார்த்துப் பதினைந்து வருடமாகிறது.

எனக்கு அறுபத்தெட்டு வயது. சித்தூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். அந்த நான்கு பேருக்கும் நான் பதில் போடவில்லை. பதிலை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் மிஷன் காலத்திலிருந்தே சித்தூரில் உள்ள தமிழ்ச் சபையைச் சேர்ந்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணி ஒரு பதிவேட்டில் எழுதுவது எங்கள் வழக்கம். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் என்று மூன்று கட்டங்கள். எனக்கு முப்பத்தோரு வயதானபோது, கணக்கு வாத்தியார்தானே என்று சொல்லி அந்தப் பதிவேட்டை என் கையில் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் பிறகு அதைக் கேட்கவே இல்லை.

தலை எண்ணுவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை. முதல் பாட்டு நடக்கும்போதுதான் எல்லோரும் எழுந்து நிற்பார்கள், தலைகள் தெரியும். அப்போதே எண்ணி முடித்துவிட வேண்டும். பிறகு தாமதமாக வருகிறவர்களைப் பிரசங்கத்தின்போது சேர்த்துக்கொள்ள வேண்டும். பாடிக்கொண்டே எண்ண முடியாது. ஒரு வரி பாடினால் ஒரு பெஞ்சு தவறிவிடும். அதனால் நான் பாடுவதை விட்டேன். என் ஐம்பத்து மூன்றாவது வயதுவரை இருபத்திரண்டு வருடம், அதாவது ஆயிரத்து நூற்று நாற்பத்து நான்கு ஞாயிறுகள். காய்ச்சலில் படுத்த ஒன்பதைக் கழித்துக்கொள்ளலாம். அத்தனை ஞாயிறும் சபை பாடியது. நான் கடைசி வரிசைக்குப் பின்னால் பென்சிலோடு நின்றேன்.

மகளை வேலூரில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேரானோம். அந்த வருடம்தான் எனக்கு அந்த ஆசை வந்தது. ஒரே ஒரு தடவையாவது நான் பாட்டுக்குள் இருக்க வேண்டும், அதை வெளியே நின்று எண்ணுகிறவனாக இருக்கக் கூடாது. பாடும் தொண்டை எனக்கு எப்போதோ கெட்டுப்போயிருந்தது. கையாவது பாடட்டும் என்று வயலின் வாங்கினேன்.

என் மனைவி அந்தப் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“இன்னாங்க இது? பொண்ணைக் கட்டிக் குடுத்த வயசுலே பொட்டி தூக்கிக்கினு எங்க போறீங்க?”

“திருப்பதிக்கு. சனிக்கிழமை சனிக்கிழமை கிளாஸு.”

“சித்தூருலே வாத்தியாரே இல்லியா?”

இருந்தார்கள். ஆனால் சித்தூரில் எந்தத் தெருவில் நடந்தாலும் என்னிடம் கணக்குப் படித்தவன் ஒருவன் எதிரே வருவான். நான் தப்பாக வாசிப்பதை அவன் கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். அதற்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்தேன். பத்தொன்பது ஸ்பீட் பிரேக்கர். ஒவ்வொன்றிலும் பெட்டியை மடியிலிருந்து ஓர் அங்குலம் தூக்கிப் பிடிப்பேன்.

திருப்பதியில் என் டீச்சர் முப்பது வயதுப் பெண். தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். அவர் வீட்டுக் கூடத்தில் கோரைப்பாய் விரித்து ஒன்பது பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். மூத்ததற்குப் பதினோரு வயது. பத்தாவதாக நான். முதல் நாளே ஓர் ஏழு வயதுப் பெண் என் விரலைப் பார்த்துக் கத்தியது:

“தாத்தகாரு! வேலு தப்பு!”

விரல் தப்பு என்கிறது. எனக்கு அப்போது பேரன் பேத்தி கிடையாது. டீச்சர் அதட்டினார். “தாத்தகாரு காது. மாஸ்டர்காரு அனாலி.” தாத்தா இல்லை, மாஸ்டர் என்று சொல்ல வேண்டும். அடுத்த சனிக்கிழமையிலிருந்து ஒன்பது பேரும் என்னை ‘மாஸ்டர் தாத்தா’ என்றார்கள். டீச்சர் அதற்கு மேல் திருத்தவில்லை.

பதினான்கு சரளி வரிசை, ஏழு அலங்காரம், இரண்டு கீதம். பிள்ளைகள் ஒரு மாதத்தில் தாண்டியதை நான் மூன்று மாதத்தில் தாண்டினேன். ஐம்பதாவது சனிக்கிழமைக்குப் பிறகு, எங்கள் சபையில் பாடும் கீர்த்தனை ஒன்றை டீச்சரிடம் முனகிக் காட்டினேன். ஐந்து சரணம் உள்ள பாட்டு. “மோகனமே கதா சார், ஈஸிதான்” என்று, மோகன ராகம்தானே என்கிற தொனியில் சொல்லி உட்கார்ந்த இடத்திலேயே தெலுங்கு எழுத்தில் சுரம் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை வாசித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளெல்லாம் எழுந்து போய், டீச்சர் விளக்குமாற்றோடு வந்து நின்ற பிறகுதான் நிமிர்ந்தேன். எத்தனை முறை வாசித்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. அப்படி எண்ணிக்கை தவறியது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அது வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் போனேன்.

விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் சபைக் கமிட்டி கூடியது. அந்தப் பண்டிகையில் நான் கீர்த்தனைக்கு வயலின் வாசிக்கலாமா என்று போதகரைக் கேட்டேன். கமிட்டியில் ஏழு பேர். போதகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“மாஸ்டர், நீங்க முன்னாடி வந்து உக்காந்துட்டா தலை யாரு எண்றது?”

ஆறு பேர் சிரித்தார்கள். சிரிக்காத ஒருவர் சபைச் செயலர். “அன்னிக்கு ஒருநாள் நான் எண்ணிக்கறேன் ஐயா” என்றார். இன்னொருவருக்குச் சந்தேகம்: “பலிபீடத்துக்கு முன்னாலே சம்மணம் போட்டுக்கினா வாசிப்பாரு?” கடைசியில், கிறிஸ்துமஸ் குடில் வைக்கிற மரப்பலகையை ஓரமாகப் போட்டு அதில் உட்காரலாம் என்று தீர்மானித்தார்கள். அன்றைக்கும் பண்டிகைக்கும் நடுவே முப்பத்து மூன்று நாள் இருந்தது.

இனி என் சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தங்கை கணவர். திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து ஸ்ரீசிட்டிக்கு வேலைக்கு வந்தவர். நாற்பத்தொன்பது வயதில் பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, முழங்காலுக்கும் முழங்கைக்கும் கவசம் மாட்டி, மாதம் ஓர் ஊர் என்று கிளம்பிவிட்டார். என்னையும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். மூன்று முறை மறுத்திருந்தேன். கமிட்டி கூடிய அதே வாரம், சனிக்கிழமை மத்தியானம், டீச்சர் வீட்டு வாசலில் வண்டியோடு வந்து நின்றார்.

“எத்தினி நாளு சகலை அதே பஸ்ஸு, அதே சீட்டு? ஏறுங்க. புத்தூர் மேல சுத்திக்கினு போலாம். மலையெல்லாம் அவ்ளோ நல்லா கீது.”

“புத்தூர் சுத்து. நேரா போனா எழுபது கிலோமீட்டர்தான்.”

“ஐயே, கிலோமீட்டரை வீட்லே வச்சுட்டு வாங்க சகலை!”

அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். அதனால் ஏறினேன். பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டேன்.

மலைகள் நன்றாகத்தான் இருந்தன. அதை மறுக்கவில்லை. புத்தூரைத் தாண்டிச் சித்தூர்ச் சாலையில் திரும்பியதும், வழியெல்லாம் பாதிச் சாலையை மறைத்து வேர்க்கடலை காயப்போட்டிருந்தார்கள். சுற்றிக் கல் வைத்திருந்தார்கள். மூன்று இடங்களைச் சகலை ஒதுக்கி ஓட்டினார். நான்காவது, ஒரு வளைவுக்குப் பின்னால் இருந்தது. கடலை மேல் சக்கரம் ஏறியது. உருண்டைக் கற்கள் மேல் ஏறியதுபோல வண்டி அப்படியே படுத்தது. நான் மல்லாந்து விழுந்திருக்க வேண்டும். விழுந்தால் பெட்டி நசுங்கும் என்று உடம்பைத் திருப்பி இடது கையை ஊன்றினேன். சத்தம் கேட்டது. பெட்டிக்குள்ளிருந்து வந்த சத்தம் என்றுதான் முதலில் பயந்தேன்.

கடலைக்குச் சொந்தக்காரப் பெண் ஓடி வந்தாள். “ஐயோ, எங் கடலை!” என்றுதான் வந்தாள். என் மணிக்கட்டு முள்கரண்டி மாதிரி வளைந்திருப்பதைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது. “எங்கியும் போவாதே சார். நேரா புத்தூருக்குப் போ. ஏழு கிலோமீட்டருதான்.” கூடியிருந்த பதினோரு பேரும் அதையே சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் யாரும் யோசிப்பதில்லை. புத்தூர்க் கட்டு என்றால் புத்தூர்க் கட்டுதான். சென்னையிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

சகலைக்குக் கணுக்காலில் இரண்டு சிராய்ப்பு. வயலினில் ஒரு கீறலும் இல்லை.

ஆட்டோவில் ஏறியதும் மனைவிக்குப் போன் செய்தேன்.

“வேணாங்க. இங்க ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. படம் புடிச்சுப் பார்த்து மாவுக்கட்டு போட்டுக்கலாம்.”

“மாவுக்கட்டுன்னா ஆறு வாரம்.”

“ஆறு வாரம்னா ஆறு வாரம். கை முக்கியமா, இன்னா முக்கியம்?”

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஆறு வாரம் நாற்பத்திரண்டு நாள். பண்டிகைக்கு இருப்பது இருபத்தொன்பது நாள். மற்றவர்கள் புத்தூருக்கு நம்பிக்கையில் போகிறார்கள். நான் கழித்தல் கணக்கில் போனேன்.

புத்தூரில் எனக்கு முன்னால் முப்பத்தேழு பேர் இருந்தார்கள். என் முறை வந்ததும், கட்டுக் கட்டுகிறவர் மணிக்கட்டைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். எனக்குக் கண் இருட்டியது. பச்சிலைச் சாற்றையும் முட்டை வெள்ளைக் கருவையும் பூசி, துணி சுற்றி, மூங்கில் தப்பைகளை வைத்து இறுக்கினார்.

“எத்தனை கட்டு?” என்று கேட்டேன்.

“மூணு கட்டு. எட்டு நாளைக்கு ஒருதபா வா.”

மூவெட்டு இருபத்து நான்கு. பண்டிகைக்கு முன்னால் ஐந்து நாள் மிச்சம். ஐந்து நாள் பயிற்சி போதும். ஆட்டோவில் திரும்பும்போது எனக்கு வலிகூடக் குறைந்ததுபோல இருந்தது. அப்படி நிறைவாக வந்தது அந்தக் கணக்கு.

எட்டாவது நாள் போனேன். பதினாறாவது நாள் போனேன். இருபத்து நான்காவது நாள் செவ்வாய்க்கிழமை. கட்டுக்கு வெளியே தெரிந்த இடது விரல்களின் நகத்தை வெட்டி, தயாராகப் போனேன். அவர் மூன்றாவது கட்டை அவிழ்த்து, கையை இப்படியும் அப்படியும் அழுத்திப் பார்த்துவிட்டு, மறுபடியும் பச்சிலைச் சாற்றை எடுத்தார்.

“இன்னொண்ணு கட்டணும்.”

“மூணுன்னு சொன்னீங்களே.”

“சொன்னேன் சார். சிலபேருக்கு மூணு. உனக்கு நாலு.”

“ஞாயித்துக்கிழமை எனக்கு நிகழ்ச்சி இருக்குது.”

“இன்னா நிகழ்ச்சி?”

“வயலின் வாசிக்கணும்.”

அவர் சுற்றுவதை நிறுத்தவில்லை. “போன மாசம் ஒருத்தரு வந்தாரு, கல்யாணத்துலே மேளம் அடிக்கிறவரு. அவுருக்கு அஞ்சு கட்டு. கம்முனு போயி வூட்லே படுத்துக்கினாரு. நீயும் படுத்துக்கோ. நீயா மட்டும் அவுக்காதே, சொல்லிட்டேன்.”

நான்காவது கட்டு முப்பத்திரண்டாவது நாள் அவிழும். பண்டிகை இருபத்தொன்பதாவது நாள். மூன்று நாள் வித்தியாசம். வெறும் மூன்று நாள்.

புத்தூர்க் கட்டை வீட்டில் அவிழ்க்கக் கூடாது என்பது எங்கள் மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் மூன்று என்று சொன்னவர் நான்கு என்று மாற்றியதை என்னால் ஏற்க முடியவில்லை. மூன்று என்பது விடை. விடையை நடுவில் மாற்றுகிறவனுக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை. வியாழக்கிழமை மத்தியானம் மனைவி பண்டிகைத் தோரணம் கட்டச் சபைக் கோயிலுக்குப் போயிருந்தாள். அவளுடைய தையல் கத்தரியை எடுத்து நானே வெட்டினேன். எட்டு மூங்கில் தப்பைகள். அவற்றைக் கட்டில் மேல் வரிசையாக வைத்தேன்.

கை மெலிந்து, வெளுத்து, யாருடையதோ போல இருந்தது. உள்ளங்கையை மெதுவாக மேலே திருப்பினேன். திரும்பியது. அதுதான் என்னைக் கெடுத்தது. வலித்திருந்தாலும், அசையாமல் இருந்திருந்தாலும் விட்டிருப்பேன். திரும்பியது, வயலின் கழுத்தைப் பிடித்தது, பல்லவியை வாசித்தது. மனைவி வந்து, கட்டில் மேல் இருந்த தப்பைகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“உங்க கை. உங்க கணக்கு” என்றாள். கத்தரியை எடுத்து முட்டைப் பசை போகக் கழுவி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முழுக்கக் கரும்பும் வாழையும் நெற்கதிரும். பலிபீடத்துக்கு முன்னால் பதினாறு பூசணிக்காய். வெளியே வேப்பமரத்தடியில் யாரோ காணிக்கையாகக் கொண்டுவந்த இரண்டு ஆடுகள். நான் மரப்பலகையில் உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாகச் சபையின் முகங்களைப் பார்த்தேன். அதுவரை பார்த்ததெல்லாம் பின்தலைகள்.

பல்லவி வந்தது. முதல் சரணம் வந்தது. சபை என் கம்பியின் மேல் ஏறிப் பாடியது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. இரண்டாவது சரணத்தின் கடைசி வரியில் மணிக்கட்டுக்குள் சூடாக ஏதோ ஓடியது. மூன்றாவது சரணத்தில் கை தானாகக் கவிழ ஆரம்பித்தது. விரல்கள் கம்பியை விட்டு விலகின. அரை வரிக்கு, விரல் படாத கம்பியை வில் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. பிறகு நிறுத்திவிட்டேன்.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சபைக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். நான் நிறுத்திய இடத்தில் அவர்கள் நிறுத்தவில்லை. மீதிச் சரணங்கள் முழுக்க மடியில் வயலினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசிக்க வேண்டியதில்லை, எண்ண வேண்டியதும் இல்லை. பாடியிருக்கலாம். வாய் திறக்கவில்லை.

ஆராதனை முடிவில் போதகர் நன்றி சொன்னார். பெரிய பூசணிக்காய் கொடுத்தவருக்கு, கரும்பு கொடுத்தவருக்கு, ஆட்டுக்காரர் இருவருக்கும். சாப்பாட்டுப் பந்தியில் கமிட்டிக்காரர் ஒருவர் கேட்டார்: “மாஸ்டர், ரெண்டு சரணம்தான் வாசிக்கறதா ஏற்பாடா?”

“ஆமா” என்றேன்.

சகலையும் வந்திருந்தார். “கலக்கிட்டீங்க சகலை! அடுத்த மாசம் காளஹஸ்தி போலாம்” என்றார். அவர் எந்தச் சரணத்தைக் கேட்டாரோ தெரியாது.

எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. புத்தூர்க்காரர் தொட்டுப் பார்த்து, “உடைச்சித்தான் கட்டணும்” என்றார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்துவிட்டு அதையே இங்கிலீஷில் சொன்னார்கள். மறுபடியும் நாள் எண்ண எனக்குத் தெம்பில்லை. எழுபத்திரண்டாவது சனிக்கிழமை திருப்பதிக்குப் போனேன். டீச்சர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, “இதி திரகது சார்” என்று மெதுவாகச் சொன்னார். இது திரும்பாது. வேலு தப்பு என்று கத்திய பெண் அதற்குள் வர்ணம் வாசித்துக்கொண்டிருந்தது. வயலினை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் மடி காலியாக இருந்தது; ஸ்பீட் பிரேக்கர்களை எண்ணாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. பத்தொன்பதுதான்.

திருவிருந்தில் அப்பம் வாங்கும்போது வலது உள்ளங்கையை இடது உள்ளங்கை மேல் வைத்து நீட்டுவது எங்கள் முறை. என் இடது கை பாதிக்கு மேல் திரும்பாது. வலது கையை மட்டும் நீட்டுகிறேன். இந்தப் பதினைந்து வருடத்தில் ஐந்து போதகர்கள் மாறிவிட்டார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் என் முன்னால் ஒரு கணம் நிற்பார், இன்னொரு கையும் வரும் என்று. பிறகு, ஏதோ மரியாதை தெரியாத ஆளுக்குக் கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டு நகர்வார்.

சகலைக்கு இப்போது அறுபத்து நான்கு வயது. இன்னும் ஓட்டுகிறார். போன மாதமும் ஒரு படம் அனுப்பினார். அது நூற்றுப் பன்னிரண்டாவது ஊர். அவர் எண்ணுவதில்லை, நான்தான் எண்ணி வைத்திருக்கிறேன். அந்தச் செய்தி அனுப்பிய நான்கு பேரில் அவரும் ஒருவர். கடலை மேல் வண்டியை விட்டது அவர் குற்றமில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். கட்டை அறுத்தது நான். ஆனாலும் அவர் படத்தைப் பெரிதாக்கி, அவருடைய இரண்டு கைகளையும் பார்க்காமல் நான் போனை மூடுவதில்லை.

பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கோயில் வாசலிலேயே செயலர் பதிவேட்டை என் வலது கையில் கொடுத்தார். திறந்து பார்த்தேன். பண்டிகை ஞாயிறுக்கு நேரே மூன்று கட்டங்களையும் சேர்த்து ஒரே வரியாக எழுதியிருந்தார்: ‘சுமார் 250’. அந்தப் பதிவேட்டில் இருபத்திரண்டு வருடத்தில் ‘சுமார்’ என்ற சொல் கிடையாது.

“எண்ணலியா?” என்று கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். “எண்ண ஆரம்பிச்சேன் மாஸ்டர். பாட்டு நல்லா இருந்துச்சா, பாடிக்கினே இருந்துட்டேன். அஞ்சு சரணமும் முழுசா பாடினேன். எங்கே வுட்டேன்னே தெரியலே.”

முதல் பாட்டு ஆரம்பித்துவிட்டது. நான் பின்னால் போய் நின்று பென்சிலை எடுத்தேன். ஆண்கள் அறுபத்தேழு. பெண்கள் எண்பத்தொன்பது. பிள்ளைகள் நாற்பத்து மூன்று. ‘சுமார் 250’க்குக் கீழே, கட்டத்துக்குக் கட்டம், அழுத்தி எழுதினேன்.